அண்ணைக்கு முன்னால் ஒரு மிடறு

என் அண்ணனுக்கு இருமல் வியாதி எதுவும் கிடையாது. சிகரெட்டைக் கையால் தொடாத மனிதர். ஆனாலும் மொன்ட்ரியாலின் ரொக்ஸ்பரோவில் இருந்த தன் வீட்டின் நிலக்கீழ் அறைக்கு இறங்கும்போது, முதல் படியில் கால் வைப்பதற்கு முன் தவறாமல் ஒருமுறை இருமுவார். அந்த இருமலுக்கு ஒரு பொருள்தான் உண்டு. நான் இறங்கப்போகிறேன், கையில் இருப்பதை ஒளித்துவிடு.

ஒளிக்க வேண்டிய ஆள் நான்.

எங்கள் ஆட்களிடையே இது எழுதாத சட்டம். மூத்தவருக்கு முன்னால் இளையவன் குடிக்கக் கூடாது. இளையவன் குடிக்கிறான் என்பது மூத்தவருக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாத மூத்தவர் உலகத்திலேயே இல்லை. ஆனால் கண்ணில் படக்கூடாது. அதற்காக இளையவன் ஒளிக்க வேண்டும், மூத்தவர் ஒளிப்பதற்கு நேரம் கொடுக்க வேண்டும். என் அண்ணை அந்த விஷயத்தில் மிகத் தாராளமானவர். இருமிவிட்டுப் படியில் நின்று, தேவையில்லாமல் சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்ப்பார். பிறகுதான் இறங்குவார்.

அப்பா போனபோது எனக்கு மீசைகூட முளைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் அண்ணைதான். மொன்ட்ரியாலுக்கு முதலில் வந்தவர் அவர், என்னைக் கூப்பிட்டவரும் அவர். விமான நிலையத்தில் எனக்காக ஒரு குளிரங்கியைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றார். என் அளவு தெரியாமல் இரண்டு பேர் நுழையக்கூடிய அங்கியாக வாங்கியிருந்தார். அன்று அதற்குள் நுழைந்தவன் நான், இன்றுவரைக்கும் முழுதாக வெளியே வரவில்லை. அப்படிப்பட்டவருக்கு முன்னால் எந்த முகத்தோடு கிளாசைத் தூக்குவது?

பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, பிள்ளைகளின் பட்டமளிப்பு, எதுவாக இருந்தாலும் அண்ணை வீட்டில்தான் நடக்கும். பெண்கள் மேலே, ஆண்கள் கீழே. கீழே நடப்பதைக் குடி என்று சொல்வது குடிக்கே அவமானம். கிளாசில் விஸ்கியை ஊற்றி, இஞ்சிச் சோடாவால் கழுத்துவரை நிரப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்குவார்கள். முகம் எட்டுக் கோணலாகப் போகும். உடனே ஒரு துண்டு ஆட்டிறைச்சிப் பொரியலை வாய்க்குள் தள்ளுவார்கள், வேப்பெண்ணெய் குடித்த பிள்ளைக்குச் சர்க்கரை கொடுப்பது போல. இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் குடிக்கிறார்கள் என்று நானே யோசித்திருக்கிறேன்.

நான் அவர்களிலும் மோசம். எனக்கு ஒரு காது எப்போதும் படிக்கட்டில்தான். இருமல் கேட்டதும் கிளாஸ் உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பின்னால் போய்விடும், கையில் தோடம்பழச் சாறு வந்துவிடும். ஒருமுறை அவசரத்தில் கிளாசை அண்ணியின் ஊறுகாய்ப் போத்தல்களுக்கு நடுவே செருகிவிட்டு மறந்துபோனேன். அடுத்த கிழமை போனபோது அண்ணி அதைக் கழுவித் துடைத்து, என் முன்னால் வைத்து அதற்குள் மோர் ஊற்றித் தந்தார். குனிந்த தலை நிமிராமல் குடித்து முடித்தேன்.

என் மகள் இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வளர்ந்தவள்.

"அப்பா, பெரியப்பாக்குத் தெரியும்தானே?" என்று ஒருநாள் காரில் வரும்போது கேட்டாள்.

"தெரியும்."

"அப்ப ஏன் ஒளிக்கிறீங்கள்?"

"தெரியும் எண்டபடியால்தான்."

அவள் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு விளங்கும்படி சொல்ல எனக்கு எந்தப் பாஷையும் போதாது.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை பகலில்தான் வில்லங்கம் தொடங்கியது. கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மதுக்கடைக்குப் போயிருந்தேன். யாருடைய வீட்டுக்கோ கொண்டுபோக ஒரு போத்தல் வேண்டும், பெட்டி பளபளப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் அறிவு. வாசலருகே ஒரு சின்ன மேசை போட்டு, ஒரு பெண் போகிற வருகிறவர்களுக்கு விஸ்கி ருசி காட்டிக்கொண்டிருந்தாள். "போன்ஜூர்" என்று சொல்லி எனக்கும் ஒன்று நீட்டினாள். அடியில் மட்டும் கொஞ்சம் ஊற்றியிருந்தது. நான் பழக்கதோஷத்தில் தலையை அண்ணாந்து ஒரே மடக்காக விட்டு, முகத்தைச் சுளித்து, கையால் இறைச்சியைத் தேடினேன்.

அவள் சிரித்துவிட்டாள். இன்னொன்று ஊற்றித் தந்து, வாய்க்குக் கொடுப்பதற்கு முன் மூக்குக்குக் கொடுங்கள் என்றாள்.

மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். மதுவின் காரம்தான் முதலில் குத்தியது. கொஞ்சம் பொறுங்கள், வாயைச் சற்றுத் திறந்தபடி மெதுவாக மோந்து பாருங்கள் என்றாள். அப்படிச் செய்ததும் வெட்டி வைத்த ஆப்பிளின் மணம் வந்தது. நம்ப முடியாமல் போத்தலைப் பார்த்தேன். இன்னொருமுறை மோந்தேன். ஆப்பிளுக்குப் பின்னால் தேன், அதற்கும் பின்னால் வறுத்த தானியத்தின் மணம். கடைசியில் புது அலுமாரியின் இழுப்பறையைத் திறந்தால் வருமே, அந்த மரவாசம். அது பீப்பாய் மரம் என்றாள்.

வாயில் வைத்து உடனே விழுங்காமல் நாக்கின் மேல் கொஞ்சம் வைத்திருந்தேன். சூடு இருந்தது, ஆனால் சுடவில்லை. விழுங்கிய பிறகு தொண்டையில் மிளகுபோல ஒரு சின்ன உறைப்பு, அதுவும் அடங்கிய பிறகு ஒரு இனிப்பு. பிறகு அவள் ஒரு கரண்டியால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள். ஒளித்திருந்த தேன் முன்னால் வந்து நின்றது. ஸ்கொட்லாந்தில் ஒரே வடிசாலையில், மோல்ற் எனப்படும் முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்தது இது என்றாள். "எக்கிலிப்ரே" என்று ஒரு சொல்லைச் சொன்னாள். சமநிலையானது, ஒரு ருசி இன்னொன்றை மிதித்துக்கொண்டு மேலே வராது, முதன்முதலாகக் குடிப்பவரையும் பயமுறுத்தாது என்று விளக்கினாள். நான் முதன்முதலாகக் குடிப்பவன் அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு யோசித்தால் அவள் சொன்னதுதான் சரி. அதுவரை நான் குடித்ததே இல்லை, ஒளித்துத்தான் இருக்கிறேன்.

கடையை விட்டு வெளியே வரும்போது எனக்கு அண்ணையின் ஞாபகம்தான். எதையும் மோந்து பார்க்காமல் வாயில் வைக்காதவர் அவர். தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் புதிதாகக் கொதித்ததா, ஆறியதைத் திரும்பக் கொதிக்க வைத்ததா என்று முதல் மிடற்றிலேயே சொல்லுவார். அண்ணியின் பொறுமையை இத்தனை காலமும் சோதித்த திறமை அது. கீழறையிலும் அவர் சோடா கலப்பதில்லை. ஒரு கிளாசை வைத்துக்கொண்டு கொண்டாட்டம் முடியும்வரை இருப்பார். இதென்ன கஞ்சத்தனம் என்று மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள். அவர் ருசித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அது அந்தக் கடை வாசலில் வைத்துத்தான் விளங்கியது.

எனக்கு ஒரு ஆசை வந்தது. அண்ணைக்கு எதிரே உட்கார வேண்டும். ஒரே போத்தலில் இருந்து இரண்டு கிளாசில் ஊற்ற வேண்டும். "அண்ணை, ஆப்பிள் மணம் வருதோ?" என்று நான் கேட்க வேண்டும். அவர் மோந்துவிட்டு ஏதாவது சொல்லித் திருத்த வேண்டும். இவ்வளவுதான். வீடு வேண்டும், வாசல் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கோடிக்கணக்கான அண்ணன் தம்பிகள் உலகம் முழுக்க இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் அது நிலாவில் கால் வைப்பது போல இருந்தது.

அந்த விஸ்கியில் ஒரு போத்தல் வாங்கி, அதன் உருளைப் பெட்டியோடு அண்ணை வீட்டுக்குக் கொண்டுபோனேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்லுவது என்று ஒத்திகை. வாசலில் அவரைக் கண்டதும் ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது.

"வேலையிடத்தில தந்தவங்கள் அண்ணை. நான் எடுக்கிறேல்லைத்தானே. வீட்டில சும்மா கிடக்கும், நீங்கள் வையுங்கோ."

அண்ணை பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓமோம், நீ எடுக்கிறேல்லைத்தானே" என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார். அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட இல்லை. பெரிய நடிகர்.

ஒரு மாதம் கழித்து நான் போனபோது அவராகவே கதையைத் தொடங்கினார்.

"தம்பி, நீ தந்த சாமான் வலு திறம். உனக்கு உதுகள் விளங்காது, எண்டாலும் சொல்லுறன். மோந்தால் பேரிக்காய் மணம் வருது."

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பேரிக்காயா? அது ஆப்பிள் அல்லவா! எதையும் அறியாத பச்சைப்பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினேன்.

"பேந்து ஒரு தேன் ருசி. ஆனா அது கொஞ்சம் ஒளிச்சு நிக்குது."

"இரண்டு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்கோவன் அண்ணை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மூளை விழித்தது.

அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ உதை எங்க அறிஞ்சனி?"

"ரிவியில பாத்தனான்" என்று தொலைக்காட்சியின் மேல் பழியைப் போட்டேன்.

"ஓ, ரிவியில" என்றார். அடுக்களையில் அண்ணி எதையோ தொப்பென்று கீழே போட்டுவிட்டு இருமுவது கேட்டது. அந்த வீட்டில் எல்லோருக்கும் இருமல்தான்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எனக்கோ வீட்டுக்குப் போன பிறகும் பேரிக்காய் மண்டைக்குள் உருண்டுகொண்டிருந்தது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவரோடு வாதாட வேண்டும் போல இருந்தது. அடுத்த கொண்டாட்டத்தில், அதற்கடுத்த கொண்டாட்டத்தில் என்று நாட்களைக் கடத்தினேன். இருமல் கேட்கும், நான் ஒளிப்பேன், அவர் இறங்குவார், நான் தோடம்பழச் சாற்றோடு அவர் பக்கத்தில் நிற்பேன். அவர் கிளாசில் இருந்து வரும் மணத்தைக் களவாக மோப்பேன்.

போன வருடம் அண்ணை ரொறன்ரோவுக்குப் போவதென்று முடிவானது. முழங்கால் இரண்டும் பனியில் நடக்க மறுத்துவிட்டன. அங்கே மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள், பார்க்க ஆள் வேண்டும். அண்ணி சந்தோஷமாகப் பெட்டி கட்டத் தொடங்கினார். ஐந்தாறு மணிநேரக் கார் ஓட்டம்தானே என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஒரு படிக்கட்டையே இத்தனை வருடமாகக் கடக்க முடியவில்லை.

மேப்பிள் இலைகள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், சாமான் ஏற்ற உதவிக்குப் போனேன். வீடு வெறிச்சென்று கிடந்தது. கீழறையில் உடுப்புத் தோய்க்கும் மெசினைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அது நின்ற இடத்தில் தூசியால் ஒரு சதுரம் மட்டும் இருந்தது. மிஞ்சியிருந்த இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளில் ஒன்றில் உட்கார்ந்து பெட்டிகளை மூடி ரேப் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணை இறங்கி வந்தார். இருமவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்து, எனக்கு எதிரே இருந்த கதிரையில் உட்கார்ந்தார். அவர் கக்கத்தில் அந்த உருளைப் பெட்டி. போத்தலை எடுத்தார். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. காசை மிச்சம் பிடிப்பதுபோல அதைக் குடித்திருக்கிறார். பிறகு ஒரு பெட்டியின் ரேப்பை உரித்து, கடைத் துண்டுப்பிரசுரத்தில் சுற்றிய கிளாஸ்களில் இரண்டை வெளியே எடுத்தார். ஒன்றில் ஊற்றினார். மற்றதிலும் அதே அளவு ஊற்றினார். சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு தேக்கரண்டியை எடுத்து, தண்ணீர்ப் போத்தலில் இருந்து இரண்டிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டார். ரிவியில் நான் பார்த்ததாகச் சொன்ன அதே இரண்டு சொட்டு.

ஒரு கிளாசை என் பக்கம் தள்ளினார்.

"இந்தா, எடு."

நான் காத்திருந்த நிமிடம் இதுதான். ஆப்பிள் மணம் என் மூக்குவரை வந்துவிட்டது. என் வாய் திறந்தது, சத்தியமாக நான் திறக்கவில்லை, அதுவாகத் திறந்தது.

"இல்லை அண்ணை, நான் எடுக்கிறேல்லை."

சொல்லிவிட்டேன். இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைகளுக்கு என் அனுமதி தேவையில்லாமல் போயிருந்தது. அண்ணை என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. கையில் பொருளை வைத்துக்கொண்டு மூடிய கடை வாசலில் நிற்கிறவரின் முகம் அது. பிறகு "ஓமோம். நல்ல பழக்கம். அப்பிடியே இரு" என்றார். எனக்கு ஊற்றியதை எடுத்துத் தன் கிளாசில் கவனமாக ஊற்றிக்கொண்டார்.

இன்னொரு தரம் "எடடா" என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன். காலில் விழுந்தாவது எடுத்திருப்பேன். ஆனால் அவர் கேட்கமாட்டார். கேட்டால், நீ பொய்யன் என்று என் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். நான் அவருக்கு மரியாதை கொடுப்பதாகத்தான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் நின்று இருமிய மனிதர் எனக்குக் கொடுத்த மரியாதையை அந்தக் கதிரையில் உட்கார்ந்துதான் கண்டேன். கண்டும் வாய் திறக்கவில்லை.

அவர் மெதுவாகக் குடித்தார். மோந்தார், வாயில் வைத்தார், பொறுத்தார், விழுங்கினார். நான் ரேப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். வெளியே ரயில் ஒன்று போகும் சத்தம் கேட்டது. முழங்கால் மருந்தைப் பற்றியும், ரொறன்ரோ வீட்டில் படிக்கட்டே இல்லை என்பதைப் பற்றியும் கதைத்தோம்.

புறப்படும்போது உருளைப் பெட்டியை என் காரின் முன் சீற்றில் வைத்தார். "உதை நீ கொண்டுபோ. வீட்டுக்கு ஆரும் வந்தால் குடுக்கலாம்."

போத்தல் இப்போது என் அடுக்களையில் இருக்கிறது. சனிக்கிழமைகளில், வேலை எல்லாம் முடிந்து மனைவி கோயிலுக்குப் போயிருக்கும் நேரத்தில், கொஞ்சம் ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவேன். அவசரம் இல்லை. ஒளிக்க இடம் தேட வேண்டியதில்லை. மோந்து, பொறுத்து, இரண்டு சொட்டு விட்டு, ஒழுங்காகத்தான் குடிக்கிறேன். ஆப்பிள், தேன், மரம், மிளகு எல்லாம் தத்தம் இடத்தில் சரியாக வந்து நிற்கின்றன. ஆனால் காது மட்டும் இன்னும் எங்கேயோ ஒரு படிக்கட்டைத் தேடுகிறது. ஒருநாள் மனைவியிடம் நீட்டி மோந்து பார்க்கச் சொன்னேன். "ஊசி போடேக்கை பூசுற ஸ்பிரிட் மணக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நண்பர்களைக் கூப்பிட்டால் இஞ்சிச் சோடாவோடு வருவார்கள். எனக்கு அண்ணை வேண்டும். வேறு யாரையும் வைத்து அந்தக் கதிரையை நிரப்ப முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எனக்குப் போன் எடுப்பார். பேரப்பிள்ளைகள், மழை, மீன் விலை என்று போகும். பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, எல்லாம் கதைத்து முடித்தும் அவர் போனை வைக்கவில்லை. பிறகு கேட்டார்.

"அந்தப் போத்தல் கிடக்கே? ஆருக்கும் குடுத்தனியே?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். "ஓம் அண்ணை. ஒராள் வந்தவர். குடுத்தனான்."

"குடிக்கத் தெரிஞ்ச ஆளோ?"

"முந்தித் தெரியாது. இப்ப கொஞ்சம் பழகீட்டார்."

"என்னவாம்?"

"வலு திறமாம். மோந்தால் ஆப்பிள் மணமாம்."

"ஆப்பிளோ?" அண்ணையின் குரல் உயர்ந்தது. "விசரே அவருக்கு? அது பேரிக்காய் எண்டு சொல்லு."

"சொன்னனான் அண்ணை. கேக்கிறார் இல்லை. ஆப்பிள்தான் எண்டு நிக்கிறார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணையோடு வாதாடியிருக்கிறேன்.

"வேற என்ன சொன்னவர்?"

"தனிய இருந்து குடிக்கிறது சரியில்லையாம். ஆரும் எதிர இருந்தால் நல்லதாம்."

அண்ணை இருமினார். நீளமாக, இரண்டு தரம். அங்கே படிக்கட்டு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"சரி" என்றார். "பனி கரைஞ்ச உடனே இஞ்ச வா. வரேக்கை அவரையும் கூட்டிக்கொண்டு வா."

"ஓம் அண்ணை," என்றேன். "கூட்டிக்கொண்டு வாறன்."